பாட்டிலில் அடைத்துக் கொடுக்கும் முன்: பொடி, தொக்கு, ஊறுகாய்ப் பரிசுகளில் நேரும் தவறுகள்

நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க ஒரு சின்னக் கண்ணாடி பாட்டில் பருப்புப் பொடி. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களுக்கு மாங்காய்த் தொக்கு. பிளாஸ்டிக் டப்பா கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில் கையால் செய்த பண்டம் வந்திருப்பது எனக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் நமக்காகப் போடும் ஊறுகாய் வேறு, கொடுப்பதற்காகப் போடும் ஊறுகாய் வேறு. நம் வீட்டு ஜாடி தினமும் கண்ணில் படுகிறது. எண்ணெய் இறங்கினால் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுகிறோம், வாடை மாறினால் கொட்டிவிடுகிறோம். கொடுத்த பாட்டிலோ யாரோ ஒருவர் அலமாரியில் இரண்டு மாதம் திறக்காமலே இருக்கலாம். அங்கே அதைப் பார்த்துக்கொள்ள நாம் இல்லை. முக்கால்வாசித் தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

மூன்று வருடத்துக்கு முன் கொலுவுக்காகக் கறிவேப்பிலைப் பொடி அரைத்து 25 பாட்டில்களில் அடைத்தேன். நேரமாகிவிட்டது என்று, மிக்ஸியில் ஏறிய சூடு ஆறுவதற்குள் மூடியும் போட்டுவிட்டேன். பத்தாம் நாள் பக்கத்துத் தெரு மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பொடி மேல வெள்ளையா பூத்திருக்கும்மா.” சூட்டில் கிளம்பிய ஆவி மூடியின் உட்புறம் நீராகக் கோத்து, மறுபடி பொடியிலேயே விழுந்திருக்கிறது. வாங்கிப் போன அத்தனை பேருக்கும் போன் செய்து, சாப்பிட வேண்டாம் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எந்தப் பொடியையும் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி, இரண்டு மணி நேரமாவது ஆறவிடாமல் அடைப்பதில்லை. கல்லுப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதையும் வெறும் வாணலியில் வறுக்க வேண்டும். கறிவேப்பிலை கையில் நொறுங்க வேண்டும். வளைந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். முறுக்கும் சீடையும் இப்படித்தான், வெதுவெதுப்பாக மூடினால் மறுநாளே நமுத்துப்போகும். சர்க்கரைப் பொங்கல் மிக்ஸ் என்று அரிசி, பருப்பு, நாட்டுச் சர்க்கரையை அடுக்கடுக்காகப் போட்டுக் கொடுப்பவர்கள் சர்க்கரையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி உள்ளே வைப்பது நல்லது. அதுவும் ஈரத்தை இழுக்கிற பண்டம். தேங்காய்ப் பொடியைப் பரிசாகக் கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. தேங்காயின் எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும்.

பாட்டிலுக்கும் இதே கதைதான். கழுவிவிட்டு உட்புறத்தைத் துண்டால் துடைப்பார்கள். துண்டின் ஈரமும் பிசிறும் உள்ளே போகும். பெரிய பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரில் பாட்டில்களை மூழ்க வைத்து, அதோடு சேர்த்துச் சூடாக்கி, கொதி வந்த பின் 10 நிமிடம் விட்டு, எடுத்துக் கவிழ்த்துக் காயவிடுவதுதான் சரி. கொதிக்கிற நீரில் குளிர்ந்த பாட்டிலைப் போட்டால் விரிசல் விடும். சாதாரணக் கண்ணாடியில் சூடு பட்ட பக்கம் சட்டென்று விரியும், மறுபக்கம் விரியாது. சூடான தொக்கைக் குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினாலும் அதே ஆபத்து. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பயன்படுத்தலாம், கண்ணாடியில் வாடை தங்காது. மூடியில் தங்கும், மூடியை மட்டும் புதிதாக வாங்கிவிடுங்கள். ஊறுகாய்க்கு வெறும் தகர மூடி போடாதீர்கள். உப்பும் புளிப்பும் சேர்ந்து அதை அரித்துத் துருவை உள்ளே இறக்கும்.

இனி, எனக்கு மிகுந்த கவலை தருகிற விஷயம். பூண்டுப் பற்களை எண்ணெயில் போட்டு, பச்சை மிளகாயோ மூலிகையோ சேர்த்து, அழகான பாட்டிலில் அடைத்துக் கொடுக்கும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் பூண்டு மண்ணுக்குள் விளைவது. மண்ணில் இருக்கும் கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கலாம். காற்று இல்லாத, புளிப்புக் குறைந்த, ஈரமுள்ள இடம் கிடைத்தால் அவை முளைத்து, நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அதற்கு ஏற்ற இடம். சாதாரணமாகக் கொதிக்க வைப்பதில் அந்த வித்துகள் சாவதில்லை. 121 டிகிரி செல்சியஸ் அளவு அழுத்தச் சூடு வேண்டும். நஞ்சு கலந்திருந்தாலும் வாடையோ ருசியோ மாறாமல் இருக்கலாம் என்பதுதான் இதில் பயங்கரம்.

“சூட்டோடு மூடிக் கவிழ்த்து வைத்தேன், மூடி உள்வாங்கி இறுகிவிட்டது, ஒன்றும் ஆகாது” என்று சொல்பவர்கள் உண்டு. மூடி இறுகினால் காற்று வெளியேறிவிட்டது என்று மட்டுமே பொருள். இந்தக் கிருமிக்கு வேண்டியதும் காற்றில்லாத இடம்தான். அதைத் தடுப்பது புளிப்பு. புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தக் கிருமி வளராது. நம் எலுமிச்சை ஊறுகாயில் பழச்சாற்றின் புளிப்பும் உப்பும் காவல் நிற்கின்றன. “எங்கள் வீட்டில் எல்லாரும் உப்பைக் குறைத்துவிட்டோம்” என்று அதே கையோடு ஊறுகாயிலும் உப்பைப் பாதியாக்குவது பெரிய தவறு. உப்பு வேண்டாம் என்றால் ஊறுகாயைக் கொஞ்சமாகத் தொட்டுக்கொள்ளலாம். பூண்டு எண்ணெய் ஆசையாக இருந்தால் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நான்கு நாளில் உங்கள் வீட்டிலேயே தீர்த்துவிடுங்கள். பரிசாக வேண்டாம்.

தேன் நெல்லியும் அழகான பரிசு. குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுத்தால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூடக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதே கிருமியின் வித்துகள் தேனிலும் இருக்கலாம். பெரியவர்கள் வயிறு தாங்கும், சிசுவின் குடல் தாங்காது.

அலங்காரத்தில் சொல்ல அதிகமில்லை. ஜிகினாத் தூளும் பெயிண்டும் வாய் விளிம்புக்குப் பக்கத்தில் வரக்கூடாது. சணல் கயிறும் ஒரு துண்டுச் சுங்குடித் துணியும் போதும். பண்டத்துக்குப் பதில் மெழுகுவர்த்தி ஊற்றிக் கொடுப்பவர்கள் தடித்த கண்ணாடியாகப் பார்த்து வாங்கி, திரியை நடுவில் நிறுத்துங்கள். ஓரமாகச் சாய்ந்த திரி ஒரு பக்கத்தை மட்டும் சூடாக்கிக் கண்ணாடியைப் பிளந்துவிடும்.

சீட்டு ஒட்டும்போது பெரும்பாலோர் “அன்புடன்” என்று எழுதிப் பெயர் போடுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அரைத்த தேதி வேண்டும், என்றைக்குள் தீர்க்க வேண்டும் என்பது வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் வேண்டும், குறிப்பாக வேர்க்கடலை, எள், முந்திரி. ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒரு வரி உயிர் காக்கும் வரி. கீழே, “ஈரக் கரண்டி போடாதீர்கள்.”

எத்தனை பாட்டில் கொடுத்தாலும் அதே தொகுதியில் ஒன்றைத் திறக்காமல் என் அலமாரியில், அதே சமையலறைச் சூட்டில் வைத்துக்கொள்கிறேன். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்ப்பேன். கட்டி தட்டினாலோ, எண்ணெய் கீழிறங்கினாலோ, மூடி உப்பினாலோ, யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்ற பட்டியலும் அதன் அடியில் இருக்கிறது.