நெடும்பயணத்தின் நடுவே ஒரு கோல்ஃப் ஆட்டம்: மட்டையே பிடிக்காதவருக்கு ஒரு செய்முறை

நாலைந்து நாளாக வண்டி ஓட்டிக்கொண்டு போய் ஒரு நண்பர் வீட்டில் இறங்குகிறோம். மறுநாள் காலை அவர் சாதாரணமாகக் கேட்கிறார்: "வாங்களேன், ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடிட்டு வரலாம்." மறுக்கவும் மனசில்லை, ஆடவும் தெரியாது. எனக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்கு நான் பந்தைத் தேடிப் புதருக்குள் பத்து நிமிடம் துழாவிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த குழு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. நண்பர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அவர் முகம் எனக்குப் புரிந்தது. நாம் எத்தனை அடியில் முடிக்கிறோம் என்பதை யாரும் கவனிப்பதில்லை; எத்தனை பேரைக் காக்க வைக்கிறோம் என்பதைத்தான் கவனிக்கிறார்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை மனதில் வைத்து எழுதியவை.

படி 1: சரி சொல்லும்போதே உண்மையைச் சொல்லுங்கள்

"கொஞ்சம் ஆடுவேன்" என்ற பொய் முதல் குழியிலேயே உடைந்துவிடும். ஆடியதே இல்லை என்று சொல்லிவிட்டு, 9 குழி போதும் என்று கேளுங்கள். 18 குழி என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், புதியவரோடு இன்னும் கூடும். உடை பற்றியும் கேட்டுவிடுங்கள். பல மைதானங்களில் காலர் வைத்த சட்டை வேண்டும், ஜீன்ஸுக்கு அனுமதி இருக்காது. காலுக்கு ஆணி வைத்த காலணியெல்லாம் வேண்டாம், வழுக்காத விளையாட்டுக் காலணி பெரும்பாலும் போதும். நீங்கள் இடக்கைக்காரர் என்றால் அதை இப்போதே சொல்ல வேண்டும், ஏனென்றால் மட்டைகள் கைக்கு ஏற்ப வேறுபடும். விருந்தாளிக்கான கட்டணத்தை யார் கட்டுவது என்ற பேச்சும் மைதான வாசலில் அல்ல, வீட்டிலேயே முடியட்டும்.

படி 2: நாலு மட்டை போதும்

விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். நமக்கு எதற்கு அத்தனை? தூரமாக அடிக்க ஒரு ஹைப்ரிட், நடுத்தரத் தூரத்துக்கு ஒரு 7 ஐயன், கிட்டத்திலிருந்து பந்தை உயர எழுப்ப ஒரு வெட்ஜ், குழிக்குள் உருட்ட ஒரு பட்டர். டிரைவர் என்று நீளமாக ஒன்று இருக்கும், பார்த்தாலே கை துறுதுறுக்கும். வண்டிக்கு ஒரு டிரைவர் போதும், இதைப் பையிலேயே விட்டுவிடுங்கள். புதியவர் கையில் பந்தைப் பக்கவாட்டில் காட்டுக்குள் அனுப்புவதில் அதை மிஞ்ச ஆளில்லை.

பழைய பந்துகள் எட்டுப் பத்து கேட்டு வாங்கிப் பைகளில் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர், தொப்பி, பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம். அவ்வளவுதான்.

படி 3: வண்டியில் இறுகிய உடம்பைத் தளர்த்துங்கள்

மணிக்கணக்காக உட்கார்ந்தே வந்த இடுப்பு திடீரென்று திரும்பச் சொன்னால் திரும்பாது. பத்து நிமிடம் நடங்கள். தொடையின் பின்பக்கத்தை நீட்டி விடுங்கள், இடுப்பை இரண்டு பக்கமும் மெதுவாகத் திருப்புங்கள். அப்புறம் இரண்டு மட்டைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அரைவீச்சாகப் பத்துத் தடவை ஆட்டுங்கள். இதைத் தவிர்த்தால் மறுநாள் ஓட்டுநர் இருக்கையில் உட்காரும்போது முதுகு நினைவுபடுத்தும்.

படி 4: பிடியும் வீச்சும்

வலக்கைக்காரர் என்று வைத்துச் சொல்கிறேன். இடக்கை மேலே, வலக்கை அதை ஒட்டிக் கீழே. கைப்பிடி உள்ளங்கையில் அல்ல, விரல்கள் தொடங்கும் இடத்தில் குறுக்காகப் படிய வேண்டும். நாலு நாளாக ஸ்டீயரிங்கைப் பிடித்த கை மட்டையையும் அப்படியே இறுக்கும். யாராவது லேசாக இழுத்தால் மட்டை கொஞ்சம் நகரும் அளவுக்குத் தளர்த்துங்கள்.

கால்கள் தோள் அகலத்தில், முழங்கால் சற்றே மடங்கி, பந்து இரண்டு கால்களுக்கும் நடுவில். முதலில் பந்தே இல்லாமல் வீசி, மட்டையின் அடிப்பக்கம் புல்லின் நுனியை உரசுகிறதா என்று பாருங்கள். 'சர்' என்ற அந்தச் சத்தம் ஒரே இடத்தில் மூன்று முறை கேட்டால் பந்துக்குத் தயார். மட்டையை இடுப்பு உயரம் வரை பின்னால் கொண்டுபோனால் போதும். அடித்து முடிக்கும்போது எடை இடதுகாலில், வயிறு இலக்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

எல்லோரும் செய்யும் தவறு, பந்தைக் கீழிருந்து மேலே தூக்கிவிடப் பார்ப்பது. மட்டையின் முகம் ஏற்கெனவே சாய்வாகத்தான் இருக்கிறது. தூக்குவது அதன் வேலை. நாம் தூக்கப் போனால் பந்தின் தலையில் பட்டு, அது தரையோடு ஓடும்.

படி 5: டீயில் நிற்கும்போது

ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் இடம்தான் டீ. அங்கே இரண்டு அடையாளக் கட்டைகளுக்கு நடுவே, அவற்றுக்கு முன்னால் போகாமல், இரண்டு மட்டை நீளம் பின்னால் வரை எங்கே வேண்டுமானாலும் பந்தை வைக்கலாம். ஐயனால் அடிப்பதென்றால் பந்தைத் தாங்கும் டீக்குச்சியை அநேகமாக முழுசாகவே மண்ணில் அழுத்திவிடுங்கள். அடுத்தவர் அடிக்கும்போது அவருக்கு நேர் பின்னால் நிற்காதீர்கள், பேசாதீர்கள். பந்து யாரை நோக்கியாவது போனால் நம் வாயில் முதலில் வருவது "ஐயையோ" தான். அது அங்கே யாருக்கும் உதவாது. "ஃபோர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். உங்கள் காதில் அந்தச் சொல் விழுந்தால் திரும்பிப் பார்க்காமல் தலையைக் கையால் மூடிக் குனியுங்கள்.

படி 6: காக்க வைக்காதீர்கள்

பந்தைத் தேட முன்பு 5 நிமிடம் தந்தார்கள். 2019 முதல் விதியில் அது 3 நிமிடம். நட்பு ஆட்டத்தில் நீங்கள் ஒரு நிமிடத்திலேயே கைவிடுங்கள், தொலைந்த இடத்துக்குப் பக்கத்தில் வேறு பந்தைப் போட்டு ஆடுங்கள். போட்டியில் இது செல்லாது, அபராத அடியோடு பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இங்கே யாரும் அதைக் கேட்க மாட்டார்கள்.

ஒரு வரம்பையும் வைத்துக்கொள்ளுங்கள். பார் 4 குழியில், அதாவது நன்றாக ஆடுபவர் நாலு அடியில் முடிக்க வேண்டிய குழியில், 8 அடி ஆகியும் முடியவில்லையா, பந்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மற்றவர்களோடு நடங்கள். இதில் மானக்கேடு எதுவும் இல்லை. நண்பருக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். தூரத்தில் இருப்பவர் முதலில் அடிப்பது பழைய மரியாதை. இப்போது ஆபத்தில்லாத இடங்களில் தயாராக இருப்பவர் அடிக்கலாம். நண்பரிடம் 'ஸ்க்ராம்பிள்' ஆடலாமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் அடித்து, நல்ல இடத்தில் விழுந்த ஒரு பந்தைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து மறுபடி எல்லோரும் அடிப்பது. புதியவருக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

"மல்லிகன் எடுத்துக்கோங்க" என்பார்கள். கணக்கில் வராத மறு அடி அது. விதிப்புத்தகத்தில் இல்லை, நட்பில் உண்டு. ஒரு தடவை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தடவை வேண்டாம் என்று சொல்லுங்கள்.

படி 7: பங்க்கர்

பங்க்கர் என்பது மணல் நிரப்பிய பள்ளம். தாழ்ந்த பக்கமாக இறங்குங்கள். அடிக்கும் முன் மட்டையால் மணலைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. பந்தை அல்ல, அதற்கு இரண்டு விரற்கடை பின்னால் இருக்கும் மணலை அடியுங்கள், மணலோடு பந்தும் வெளியே வரும். இரண்டு தடவையில் வராவிட்டால் கையால் எடுத்து வெளியே எறியுங்கள். வெளியேறும்போது உங்கள் காலடித் தடத்தை வாரியால் சமன்செய்ய மறக்காதீர்கள்.

படி 8: கிரீன்

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைதான் கிரீன். இங்கே வண்டியும் பையும் ஏறக் கூடாது. இன்னொருவரின் பந்துக்கும் குழிக்கும் நடுவே உள்ள கோட்டை மிதிக்காதீர்கள், தாண்டிப் போங்கள். உங்கள் பந்து வழியில் கிடந்தால் அதன் பின்னால் நாணயத்தை வைத்துவிட்டுப் பந்தை எடுங்கள். பந்து விழுந்து பள்ளமாகியிருந்தால் ஓரங்களை நடுவை நோக்கித் தள்ளித் தட்டிவிட வேண்டும். கீழிருந்து நெம்பினால் வேர் அறுந்து அந்த இடம் காய்ந்துபோகும்.

குழியின் விட்டம் 108 மி.மீ., பந்தின் விட்டம் 42.67 மி.மீ. அதாவது இரண்டரைப் பந்து அகலம். கேட்க தாராளமாக இருக்கிறது, ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் பட்டன் துளை மாதிரி தெரியும். திசையைவிட வேகத்தில் கவனம் வையுங்கள், குழிக்குப் பக்கத்தில் நின்றாலே "போதும், எடுத்துடுங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். முடிந்ததும் கிரீனை விட்டு உடனே விலகுங்கள். அடிகளைக் கூட்டுவதெல்லாம் அடுத்த டீயில்.

படி 9: திருப்பிக் கொடுக்கும்போது

கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றிக் கைகுலுக்குங்கள். மட்டைகளின் முகத்தில் உள்ள கோடுகளில் மண் ஒட்டியிருக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். அப்புறம் எண்ணுங்கள். நான் எண்ணவில்லை. கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் போன பிறகு குடையை எடுக்க டிக்கியைத் திறந்தேன். குடையோடு அணைந்துகொண்டு நண்பரின் பட்டர் படுத்திருந்தது. போன் செய்தேன். "அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்க, அதுவரைக்கும் வண்டிக்குள்ளயே பழகுங்க" என்றார்.