காலி வால்வு ஏன் வெடித்தது: என் அனுபவம்

குளிர்காலத்தில் பூட்டிவைக்கும் மரவீட்டில், குழாய்களை முழுவதும் வடித்திருந்தும் அடைப்பு வால்வு பிளந்துகொண்டே இருந்தது. வெப்பக்காப்பு உறை சுற்றினேன், பயனில்லை. கம்ப்ரசரால் காற்றடித்தேன், மறுபடியும் பிளந்தது. மூன்றாவது வால்வை அறுத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. மூடிய பால்-வால்வில் (ball valve, உருண்டையைத் திருப்பித் திறந்து மூடும் வகை), நடுவே துளையிட்ட உருண்டைக்குள்ளும் அதைச் சுற்றிய இடுக்கிலும் சில சொட்டு நீர் சிக்கிக்கொள்கிறது. வெளியேற வழியே இல்லை. உறையும்போது நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். பித்தளை அதைத் தாங்காது. வடித்த பிறகு வால்வை மூடிவிட்டுப் போனதுதான் தவறு.

இப்போது காற்றடிக்கும்போதே கைப்பிடியைப் பலமுறை திருப்பி, கடைசியில் 45 டிகிரியில், பாதி திறந்தபடி விடுகிறேன். கழுவுதொட்டியின் அடி வளைவில் புரொப்பிலீன் கிளைகால் உறைதடுப்பி ஊற்றுகிறேன். கார்களுக்கான எத்திலீன் கிளைகால் நஞ்சு, அதைத் தொடவே வேண்டாம். இந்த வசந்தத்தில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை, பெரிய நிம்மதி.