ஆயில் ஃபில்டரைக் கழற்றினால் தரையெல்லாம் ஆயில் ஆவது ஏன்?

எஞ்சின் ஆயிலை மாற்ற அடியிலுள்ள டிரெயின் நட்டைக் கழற்றி, கடைசிச் சொட்டு விழும்வரை பொறுத்திருந்தாயிற்று. இனி எஞ்சினில் ஆயிலே இல்லை என்று நம்பி ஃபில்டரைத் திருப்புகிறோம். முழங்கைவரை கறுப்பாக வழிகிறது. அந்த நம்பிக்கைதான் முதல் தவறு.

ஃபில்டரின் அடித்தட்டைப் பாருங்கள். நடுவில் மரை வெட்டிய பெரிய துளை, சுற்றிலும் சிறு துளைகள். ஆயில் சிறு துளைகள் வழியே உள்ளே போய், காகித மடிப்புகளைக் கடந்து, நடுத்துளை வழியே எஞ்சினுக்குத் திரும்பும். பெரும்பாலான ஃபில்டர்களில் சிறு துளைகளுக்கு உள்பக்கம் ஒரு ரப்பர் தட்டு இருக்கும். வண்டி நிற்கும்போது ஆயில் திரும்ப இறங்கிவிடாமல் அது அடைத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் அழுத்தம் சட்டென்று கிடைப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதனால்தான் எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பு காலியானாலும் ஃபில்டர் காலியாவதில்லை. சிறிய காரின் ஃபில்டரிலேயே 200 முதல் 300 மில்லிவரை நிற்கும். இரண்டு டம்ளர் காபி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை ஓட்டி வந்த கையோடு கழற்றுவது அடுத்த தவறு. ஆயில் 90 டிகிரியைத் தொட்டிருக்கும், பக்கத்திலுள்ள சைலன்சர் குழாய் அதைவிடக் கொதிக்கும். சூடு பட்டதும் கை தானாக உதறும், ஃபில்டர் டிரேயில் விழுந்து நாலாபுறமும் தெறிக்கும். முழுக்க ஆறவிட்டாலும் ஆயில் கெட்டியாகி மெதுவாகத்தான் வடியும். டிரெயின் நட்டைக் கழற்றும் முன்பே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, அணைத்து, கால் மணி நேரம் கழித்துக் கை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வண்டியைத் தூக்கியிருந்தால் ஸ்டாண்டு கொடுத்த பிறகே அடியில் போக வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் படுக்கக் கூடாது.

ஃபில்டரைத் தொடும் முன், ஆயில் எந்த வழியாக இறங்கும் என்று பார்க்க வேண்டும். பலர் டிரெயின் நட்டுக்குக் கீழே வைத்த டிரேயை அங்கேயே விட்டுவிட்டு ஃபில்டருக்குப் போய்விடுகிறார்கள். படுக்கைவாட்டில் மாட்டிய ஃபில்டரில், மேல்விளிம்பு வழியே காற்று நுழைய, கீழ்விளிம்பு வழியே ஆயில் வரும். வந்தது நேராகக் கீழே சொட்டாது. எஞ்சின் பிளாக்கை ஒட்டிக்கொண்டே ஓடி, டிரைவ் ஷாஃப்ட் ரப்பர் மீதோ சைலன்சர் குழாய் மீதோ இறங்கும். குழாயில் பட்டதைத் துடைக்காவிட்டால் ஸ்டார்ட் செய்ததும் புகையும், பல நாள் நாற்றமும் இருக்கும். சமையலறை அலுமினியத் தாளை அரை மீட்டர் கிழித்து, இரண்டாக மடித்து, ஃபில்டருக்குக் கீழே வாய்க்கால் மாதிரி வளைத்துச் செருகுங்கள். அதன் மறுமுனை டிரேக்கு மேலே முடிய வேண்டும். காசு செலவில்லாத வேலை, ஆனால் பாதி அழுக்கு இதிலேயே நின்றுவிடும்.

ஒரே மூச்சில் சுற்றிக் கழற்றுவதில்தான் மீதிப் பாதி. முதலில் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். விளிம்பில் ஆயில் கசியத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருங்கள். சொட்டு மெலிந்ததும் கெட்டியான பிளாஸ்டிக் கவரை ஃபில்டர் முழுவதையும் மூடும்படி போட்டு, கவரோடு பிடித்துச் சுற்றுங்கள். மரையை விட்டு வந்த உடனே வாய்ப்பக்கத்தை மேலே திருப்பினால், மிச்சம் கவருக்குள்ளேயே தங்கும். தலைகீழாக, வாய் கீழே பார்க்க நிற்கும் ஃபில்டருக்கு வேறு உபாயம்: மேல்தகட்டில் ஆணியால் சிறு துளை போட்டு கொஞ்ச நேரம் விட்டால், காற்று புகுந்து பெரும்பகுதி எஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும்.

இறுகிப்போன ஃபில்டருக்கு ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. தகடு கிழியும், கிழிந்த இடமெல்லாம் ஆயில் பீச்சும், ஃபில்டர் மட்டும் அசையாது. சரியான அளவில் கப் ரெஞ்ச் வாங்குங்கள். விட்டமும் பட்டைகளின் எண்ணிக்கையும் இரண்டுமே பொருந்த வேண்டும். பெல்ட் ரெஞ்ச் என்றால் எஞ்சினை ஒட்டிய பக்கம் மாட்டுங்கள். அடித்தட்டு அங்கே இருப்பதால் டப்பா நசுங்காது. கை வழுக்கினால் உப்புத்தாளைச் சொரசொரப்பு ஃபில்டர் மேல் படும்படி சுற்றிப் பிடித்துப் பாருங்கள்.

கழற்றியதும் பழைய ஃபில்டரின் வாயில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்காமல் போவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. சில சமயம் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். அதன் மேல் புது ஃபில்டரைப் பூட்டினால் வளையம் இரண்டாகிவிடும். ஸ்டார்ட் செய்து அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி, புது ஆயில் முழுக்க ஒரு நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடலாம். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் எஞ்சினே போச்சு. பனியன் வேஸ்ட்டால் அந்த இடத்தைச் சுற்றிலும் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள்.

புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவிக் கையாலேயே சுற்றுங்கள். வளையம் போய்த் தொட்டபின் பொதுவாக முக்கால் சுற்று. டப்பா மேலேயே அளவு அச்சிட்டிருந்தால் அதுதான் கணக்கு. ரெஞ்ச் போட்டு இறுக்குபவர்தான் அடுத்த முறை ஸ்க்ரூடிரைவரைத் தேடுவார்.

தகர டப்பாவுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மூடிக்குள் காகித ஃபில்டர் மட்டும் இருக்கும் வகையில், மூடியின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் மாற்றியாக வேண்டும். மூடியில் குறித்த டார்க் (இறுக்கும் விசை) அளவைத் தாண்டினால் பிளாஸ்டிக் விரியும்.

எல்லாம் பூட்டி, ஆயில் ஊற்றி, ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு ஃபில்டர் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுங்கள். காலியாக இருந்த ஃபில்டர் தன் பங்கைக் குடித்திருக்கும், மட்டம் இறங்கியிருந்தால் அந்த அளவை ஊற்ற வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் தரையில் சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். மரத்தூளைக் கொட்டிக் காலால் நன்றாகத் தேய்த்து, சில மணி நேரம் கழித்துக் கூட்டுங்கள். மிச்சக் கறைக்குச் சோப்புத்தூளை உலர்வாகவே போட்டு பிரஷால் தேய்த்த பிறகு தண்ணீர். பழைய ஃபில்டரை வாய் கீழே இருக்கும்படி டிரேயில் ஓர் இரவு கவிழ்த்து வைத்தால் உள்ளே ஒளிந்திருந்ததும் வடியும். பழைய ஆயில் இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரக் கழிவு. சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.