ஆன்லைனில் தெரபிஸ்ட் தேடுவது எப்படி: படிவம் முதல் மூன்றாவது செஷன் வரை

மனநல ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தொடங்கும். பத்திருபது கேள்வி கேட்டுவிட்டு, "உங்களுக்கு ஏற்றவர் இவர்" என்று ஒரு முகத்தைக் காட்டும். அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வேலை அங்கேதான் ஆரம்பம். தானாக ஒருவரை ஒதுக்கிவிடும் சேவையைவிட, ஐந்தாறு ப்ரொஃபைல்களைக் காட்டி நம்மையே தேர்வு செய்யவிடும் சேவைதான் நல்லது.

1. கணக்கு

ஆபீஸ் மெயில் ஐடி வேண்டாம், தனியாக ஒன்று தொடங்குங்கள். 2023இல் ஆன்லைன் தெரபி தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், பயனர்களின் மெயில் முகவரியையும் படிவத்தில் அவர்கள் சொன்ன விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்டித்தான் அந்த விவகாரம் முடிந்தது. வேலை செய்யும் கம்பெனி, குடும்பத்தார் பெயர் போன்றவற்றைப் படிவத்தில் எழுதாதீர்கள். தேவையானால் தெரபிஸ்ட்டிடம் பேசும்போது சொல்லலாம்.

2. படிவம்

பெரும்பாலும் மனச்சோர்வை அளக்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற கேள்வித்தாள் வரும். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதா என்பது. "ஆம்" என்றால் சில சேவைகள் மேலே போகவிடாது, அவசர நிலையைக் கையாளும் வசதி அவர்களிடம் இல்லை. அதற்காகப் பதிலை மாற்றிப் போடாதீர்கள். உடனே 14416க்கு அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ்; இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

"என்ன பிரச்சினை?" என்ற கட்டத்தில் "டென்ஷன்" என்று மட்டும் எழுதினால் யாரை வேண்டுமானாலும் காட்டும். "மூணு மாசமா ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்துடுது. ஆபீஸ் லிஃப்ட் பக்கம் போனாலே நெஞ்சு படபடக்குது" என்று எழுதுங்கள்.

3. பதிவு எண்

இந்தியாவில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (ரீஹபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா) பதிவு கட்டாயம். ப்ரொஃபைலில் சி.ஆர்.ஆர். எண் (அந்தப் பதிவின் எண்) இல்லையென்றால் கேட்டு வாங்கி, ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பெயரோடு ஒத்துப்பாருங்கள். பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வர வேண்டும், அதனால் அது நடப்பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சைக்காட்ரிஸ்ட், அதாவது மனநல டாக்டர் என்றால் மெடிக்கல் கவுன்சில் எண். மாத்திரை எழுதும் உரிமை இவருக்குத்தான், சைக்காலஜிஸ்ட்டுக்குக் கிடையாது. "கவுன்சலர்", "கோச்" என்று மட்டும் போட்டிருந்தால் எங்கே, எத்தனை வருடம் படித்தார் என்று கேட்பதில் தப்பே இல்லை.

4. மொழி: பலரும் சறுக்கும் இடம்

ஃபில்டரில் "தமிழ்" போட்டால் வரும் எல்லோரும் தமிழில் தெரபி செய்பவர்கள் என்று நம்பிவிடாதீர்கள். வீட்டில் பேசும் அளவுக்குத் தமிழ் தெரிந்து, செஷனை இங்கிலீஷில் நடத்துகிறவர்களும் அதில் இருப்பார்கள். அழுகை வரும்போது நாம் இங்கிலீஷில் வாக்கியம் தேட முடியாது. அதனால் முதல் 15 நிமிட அறிமுகப் பேச்சைத் தமிழிலேயே தொடங்குங்கள். "மனசு பாரமா இருக்கு", "எதுலயும் பிடிப்பே இல்ல" என்று சொல்லிப் பாருங்கள். அதைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே அடுத்த கேள்வி கேட்டால் சரி. ஒவ்வொரு முறையும் இங்கிலீஷுக்கு நழுவினால் வேறொருவரைப் பாருங்கள்.

அதே பேச்சில் கேளுங்கள்: இந்தப் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள்? பதில் குறிப்பாக இருக்க வேண்டும். உதாரணமாக, கை அழுக்கு என்பது போன்ற எண்ணம் விடாமல் வந்து, திரும்பத் திரும்பக் கழுவ வைக்கும் ஓ.சி.டி. என்றால் எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன் (பயத்தை எதிர்கொண்டு, அந்தச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறை) பயிற்சி உள்ளவர்தான் வேண்டும். "கை சுத்தமாத்தான் இருக்கு, பயப்படாதீங்க" என்ற ஆறுதல் அந்த நிமிடம் நிம்மதி தரும், கொஞ்ச நேரத்தில் சந்தேகம் மறுபடி வரும். ஆறுதலே நோய்க்குத் தீனியாகிவிடும்.

5. பணமும் மாற்றமும்

பத்து செஷன் பேக்கேஜைத் தள்ளுபடிக்காக முதலிலேயே வாங்காதீர்கள். மூன்று செஷனுக்குத் தனித்தனியாகக் கட்டுங்கள். எதற்காக வருகிறோம், முன்னேற்றத்தை எப்படிக் கணிப்பது என்று அதற்குள் இருவரும் பேசி முடிவு செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் நேரடியாகச் சொல்லுங்கள், நல்ல தெரபிஸ்ட் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அப்படியும் ஒத்துவரவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

பின்சேர்க்கை: மாற்றும்போது இரண்டு சிக்கல் வரலாம். முன்பணம் கட்டியிருந்து, புதியவரின் கட்டணம் கூடுதலாக இருந்தால், மீதிப் பணம் அதே எண்ணிக்கை செஷனுக்குப் போதாமல் போகலாம், அதை முன்பே எழுத்தில் கேட்டு வையுங்கள். கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும் என்ற தயக்கம் இன்னொன்று. பழைய தெரபிஸ்ட்டிடம் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டு வாங்கி, நீங்கள் படித்துப் பார்த்துவிட்டு, புதியவருக்கு அனுப்புங்கள்.