குக்கர் விசில் அடித்தால் அது அணியா?

அஃறிணைப் பொருளுக்கு மனிதக் குணம் ஏற்றிச் சொல்வதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, இலக்கணப் புத்தகத்தை எடுக்கவே வேண்டாம். அணியின் பெயரும் இப்போது வேண்டாம். பெயரைச் சொன்னதுமே மனப்பாடம் செய்யக் கிளம்பிவிடுவார்கள்.

படி 1: ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்.

காற்று கதவைச் சாத்தியது.
காற்று கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, முனகிக்கொண்டே போனது.

எந்த வரியில் ஓர் ஆள் தெரிகிறார் என்று கேளுங்கள். இரண்டாவதைத்தான் காட்டுவார்கள். எந்தச் சொல்லால் அப்படித் தெரிகிறது? அதைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். பெரும்பாலும் வினைச்சொல்லில்தான் வட்டம் விழும். தட்டிப் பார்க்கவும் முனகவும் ஒரு மனசு வேண்டுமே!

படி 2: இனி எந்த வரி வந்தாலும் ஒரே கேள்வி: "இது யார் செய்கிற வேலை?" மனிதர் செய்கிற வேலையை மரமோ மழையோ செய்தால் பிடித்துவிட்டோம். "நிலா தோசை போல இருந்தது" என்பதில் ஆளே இல்லை, அது வெறும் உவமை.

படி 3: இங்கேதான் குழப்பம் வரும். "குக்கர் விசில் அடித்தது" என்று என் மகன் கொண்டுவந்தான். கேள்விப்படி சரிதான், ஆனால் அது பழகித் தேய்ந்த வழக்கு. யாரும் அதைக் கேட்டு ஓர் ஆளை நினைப்பதில்லை. "பொறுமையிழந்த குக்கர் அம்மாவைக் கத்திக் கூப்பிட்டது" என்றால் ஆள் வந்துவிடுகிறார்.

படி 4: கொஞ்சம் பெரிய பிள்ளைகள் என்றால் சிலப்பதிகாரத்துக்குப் போகலாம். கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். கோட்டைக் கொடிகள் "'வாரல்' என்பனபோல் மறித்துக்கை காட்ட" என்கிறார் இளங்கோ. கொடி அசைந்தது காற்றால். வராதே என்று கைகாட்டியதாகச் சொல்வது கவிஞர். இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றுவதால் தற்குறிப்பேற்ற அணி. இப்போது பெயரைச் சொல்லலாம்.

அதற்குச் சற்று முன்னால் வையை, அதாவது வைகை ஆறு, வருகிறாள். கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள் போல, மலர் ஆடையைப் போர்த்திக்கொண்டு, "கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி" ஓடுகிறாள். 'கரந்தனள்' (மறைத்தாள்) என்ற சொல்லின் கடைசியைக் காட்டுங்கள். ஆற்றுக்குப் பெண்பால் விகுதி! அஃறிணை உயர்திணையாவதை அந்த ஒரு விகுதியிலேயே பிள்ளைகள் பார்த்துவிடலாம். பூ மிதக்கும் வெள்ளம், கண்ணீரை மறைக்கும் பெண்ணாகிவிட்டது. எனக்குக் கொடியைவிட இதுதான் பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை: இந்த இரண்டு இடத்திலும் 'போல்' இருக்கிறது. 'போல்' வந்தாலே உவமை என்று சொல்லிக்கொடுத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

படி 5: அப்புறம் அவர்களே எழுதட்டும். குடை, புத்தகப்பை, மின்விசிறி என்று கண்ணில் படுகிற பொருளாகக் கொடுங்கள். என் மகன் எழுதியது: "கோயிலுக்குப் போன என் செருப்பில் ஒன்று, வீட்டுக்கு வரமாட்டேன் என்று அங்கேயே தங்கிவிட்டது."

புதுச் செருப்பு வாங்கித்தர வேண்டியதாயிற்று.