லேபர் அறையில் கணவனின் ஜெபம்: முதல் குழந்தைக்காகக் காத்திருக்கும் சகோதரருக்கு

முதல் பிரசவத்துக்குத் தயாராகும் தகப்பனுக்குச் சபையில் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே வரிதான்: “ஜெபம் பண்ணுங்க பிரதர், கர்த்தர் பார்த்துக்குவார்.” அது உண்மை, அதை முழு மனதோடு நம்புகிறேன். ஆனால் லேபர் அறைக்குள் கையை எங்கே வைப்பது, எப்போது பேசாமல் இருப்பது, எதைக் கண்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் மகள் பிறந்தபோது மனைவியின் தலைமாட்டில் நின்றவன் என்ற முறையில் அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான்: அந்த அறையில் தகப்பனின் ஜெபம் முக்கால்வாசி கைகளால் செய்வது. யோசேப்பைப் பாருங்கள். அவர் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைகூட நான்கு சுவிசேஷங்களிலும் பதிவாகவில்லை. எழுந்தார், கூட்டிக்கொண்டு போனார், பிள்ளைக்குப் பெயரிட்டார். எல்லாமே செயல்கள்.

முன்கூட்டியே பேசி முடிக்க வேண்டியவை

கணவரை லேபர் அறைக்குள் விடுவார்களா என்பதை ஏழாவது, எட்டாவது மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். பிரசவம் முழுவதும் தாய் விரும்பும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. இங்கே ‘தாய் விரும்பும்’ என்பது முக்கியம். மனைவிக்கு அவருடைய அம்மாவோ அக்காவோ உள்ளே இருந்தால் ஆறுதல் என்றால், நீங்கள் வெளியே காத்திருப்பதும் அன்புதான்.

வசனங்களையும் பாடல்களையும் அவரே தேர்ந்தெடுக்கட்டும். என் மனைவி சங்கீதம் 121-ஐயும் 139-ஐயும் சொன்னாள். அவற்றைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலருகே ஒட்டினேன். வலி ஏறும்போது அவளுக்கு முழு சங்கீதமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்” என்ற ஒற்றை வரி போதுமாக இருந்தது.

போதகரிடமோ குருவானவரிடமோ இன்னொன்றையும் கேட்டு வையுங்கள். உங்கள் சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாக இருந்து, பிறந்த குழந்தையின் உயிருக்கே ஆபத்து என்றால் என்ன செய்வது? கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி, அவசரத்தில் சரியான நோக்கம் உள்ள யாரும் தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மற்ற சபைகளில் முறை வேறுபடும். கேட்பதற்குச் சங்கடமான கேள்விதான். ஆனாலும் அமைதியான ஒரு நாளில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

எப்போது கிளம்புவது

முதல் பிரசவத்துக்குப் பொதுவாகச் சொல்லும் கணக்கு: ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிப்பது, இப்படியே ஒரு மணி நேரம். உங்கள் டாக்டர் வேறு கணக்குச் சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்குக் கணக்கு. நேரத்தைக் குறிக்கும் வேலை உங்களுடையது. ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை குறியுங்கள். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள். தண்ணீரின் நிறத்தையும் சொல்லுங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், இரத்தப்போக்கு இருந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடும் தலைவலியோடு கண் மங்கினாலும், “ஜெபித்துவிட்டுக் கிளம்பலாம்” என்று உட்காராதீர்கள். வண்டியில் போய்க்கொண்டே ஜெபிக்கலாம். ராகேல் பிரசவத்தில் இறந்ததை வேதம் மறைக்கவில்லை. ஆபத்தை ஆபத்து என்று சொல்வது அவிசுவாசம் ஆகாது.

வலி நேரத்தில்

சகோதரர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

கருப்பைவாய் பத்து சென்டிமீட்டர் வரை திறக்க வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்குப் பிறகுதான் வேகம் பிடிக்கும் என்பது இன்றைய மருத்துவக் கணக்கு; அதன் பிறகும் முதல் பிரசவத்தில் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே “இன்னும் எவ்வளவு நேரம் சிஸ்டர்?” என்று மனைவி காதுபட நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். முதலிலேயே நிறையச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள். நிற்கும்போது முழங்காலை விறைப்பாக வைக்காதீர்கள். தலை சுற்றினால் உடனே உட்கார்ந்துவிடுங்கள்.

இடுப்பின் பின்பக்கம் வலித்தால், முதுகெலும்பின் அடியில் தட்டையாக இருக்கும் எலும்பின்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, வலி தொடங்கியதிலிருந்து முடியும்வரை விடாமல் அழுத்துங்கள். தடவினால் போதாது, உடல் எடையைச் சாய்த்து அழுத்த வேண்டும். என் மனைவி “இன்னும், இன்னும்” என்றாள். என் கை நடுங்கும்வரை அழுத்தினேன். வலி இறங்கியதும் கையை எடுத்து, உறிஞ்சுகுழலை உதட்டருகே நீட்டி ஒரு வாய் தண்ணீர், நெற்றியில் ஈரத்துணி. அடுத்த வலிக்கு மறுபடி கை. மோசேயின் கைகள் தளர்ந்தபோது ஆரோனும் ஊர் என்பவரும் பிரசங்கம் செய்யவில்லை, கைகளைத் தாங்கிப் பிடித்தார்கள். யாத்திராகமம் 17-ஐ அதன் பிறகு என்னால் வேறு மாதிரி வாசிக்க முடியவில்லை.

வலியின் உச்சத்தில் சத்தமாக ஜெபிக்காதீர்கள். இரண்டு வலிக்கு நடுவே காதருகில் ஒரு வரி, அவ்வளவுதான். “பேசாதீங்க, பிடிச்சுக்கோங்க” என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள். கிட்டத்தட்ட முழுதாகத் திறந்துவிட்ட நேரத்தில் பல பெண்களுக்கு உடல் நடுங்கும், வாந்தி வரும், “என்னால முடியாது” என்று அழுவார்கள். பயப்படாதீர்கள், முடிவு நெருங்குகிறது என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். அப்போது உங்களுக்கும் ஜெபிக்க வார்த்தை வராது. ரோமர் 8:26 அந்த நேரத்துக்கானது. “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்பதை வருடக்கணக்கில் வாசித்திருந்தேன். அந்தக் கட்டிலருகேதான் அதைப் பற்றிக்கொண்டேன்.

அப்புறம் வலி மருந்து. “வேதனையோடே பிள்ளை பெறுவாய்” என்ற ஆதியாகம வசனத்தைக் காட்டி, மயக்க ஊசி வேண்டாம், எபிடூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மருந்து) வேண்டாம் என்று சொல்பவர்கள் இன்றும் சபைகளில் இருக்கிறார்கள். இதில் எனக்குக் கோபமே வரும். 1847-ல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் என்ற மருத்துவர் பிரசவத்தில் குளோரோஃபார்ம் பயன்படுத்தியபோதும் இதே வசனத்தைச் சொல்லி எதிர்த்தார்கள். அவர் வேதத்தைத் திறந்தே பதில் சொன்னார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்கும் முன் தேவனே அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வரப்பண்ணினாரே! பிரசவ வேதனையைச் சொல்லும் அதே அதிகாரத்திலேயே நிலம் முள்ளும் குருக்கும் முளைப்பிக்கும் என்றும் இருக்கிறது. அதற்காக நாம் களை பிடுங்காமல் இருக்கிறோமா? யோவான் 16:21-ல் பிரசவ வேளையில் பெண் துக்கமடைகிறாள் என்று இயேசுவே சொல்கிறார். அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மருந்து வேண்டுமா வேண்டாமா என்பதை மனைவியும் டாக்டரும் முடிவு செய்யட்டும். வாசலில் உறவினர் யாராவது அபிப்பிராயம் சொல்ல வந்தால், அவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்புவது உங்கள் வேலை.

சிசேரியன் என்று முடிவானாலும் இதேதான். கையெழுத்துப் போடும்முன் “என்ன காரணம், எவ்வளவு அவசரம்” என்ற இரண்டையும் கேளுங்கள். “நாம சரியா ஜெபிக்கலையோ” என்ற பேச்சு அந்த அறை வாசலை மிதிக்கவே கூடாது. எபிரெய ஆண் குழந்தைகளைக் காப்பாற்றிய சிப்பிராளும் பூவாளும் மருத்துவச்சிகள். வேதம் அவர்கள் பெயரை எழுதி வைத்திருக்கிறது, பார்வோனின் பெயரை எழுதவில்லை. டாக்டருக்காகவும் நர்ஸுக்காகவும் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஷிஃப்ட் மாறும்போது புதிதாக வருபவரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

குழந்தை வெளியே வந்ததும்

படத்தில் பார்த்த மாதிரி இருக்காது, முன்பே தெரிந்துகொள்ளுங்கள். தலை நீண்டிருக்கும். உடம்பில் வெண்ணெய் மாதிரி வெள்ளைப் பூச்சு. கையும் காலும் நீலம் பூத்திருக்கும். எங்கள் மகள் உடனே அழவில்லை. துணியால் முதுகைத் துடைத்தபிறகுதான் முதல் சத்தம் வந்தது. ஒரு நிமிடத்திலும் ஐந்தாவது நிமிடத்திலும் நிறம், இதயத்துடிப்பு, அசைவு, மூச்சு, தூண்டலுக்கான எதிர்வினை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். வர்ஜீனியா அப்கார் என்ற மருத்துவர் 1952-ல் உருவாக்கிய முறை இது. பத்துக்குப் பத்து வராவிட்டால் கலங்க வேண்டாம். கையும் காலும் நீலமாக இருப்பதற்கே ஒரு மதிப்பெண் குறைந்துவிடும்.

தொப்புள் கொடியைக் குறைந்தது ஒரு நிமிடம் கழித்துக் கட்டுவது நல்லது, குழந்தைக்குக் கூடுதல் இரத்தம் போய்ச் சேரும். வெட்டச் சொன்னால் தயங்காமல் வெட்டுங்கள். அதில் வலி உணரும் நரம்பு இல்லை, தாய்க்கும் பிள்ளைக்கும் வலிக்காது. கத்தரி வழுக்கும், ஒரே அழுத்தில் போகாது. பிறகு குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் போட வேண்டும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். அதைக் கெடுத்து செல்ஃபி எடுக்காதீர்கள். சிசேரியன் ஆகித் தாயால் முடியாவிட்டால், உங்கள் சட்டையைக் கழற்றி உங்கள் மார்பில் வையுங்கள்.

முதல் ஆசீர்வாதத்தை நீங்களே சொல்லுங்கள், போதகர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எண்ணாகமம் 6:24-26 மூன்றே வசனம், மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். “கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்” என்று தொடங்கியதும் என் குரல் உடைந்துவிட்டது. மனைவி மெல்லிய குரலில் மீதியைச் சொல்லி முடித்தாள். குழந்தை எங்கள் இருவரையும் பார்க்காமல் ஒரு கண்ணை மட்டும் திறந்து விளக்குப் பக்கம் பார்த்தது.

வீட்டில்

செய்தியை மனைவி சரி என்ற பிறகுதான் வாட்ஸ்அப்பில் போடுங்கள். “பிள்ளைகள் கர்த்தரால் வரும் சுதந்தரம்” என்ற வசனத்தோடு குரூப்பில் போடும்முன், அதே குரூப்பில் பல வருடமாகக் காத்திருக்கும் தம்பதியையும், குழந்தையை இழந்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். அவர்களுக்கு நீங்களே தனியாக, முன்னதாகச் சொல்லுங்கள்.

ஜெபிக்க வரும் விசுவாசிகள் அன்பாகத்தான் வருவார்கள். ஆனால் கை கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது, முகத்தில் முத்தம் கூடாது, சளி இருப்பவர் வரக் கூடாது. தாயும் பிள்ளையும் தூங்கினால் முன்னறையிலேயே ஜெபித்துவிட்டுப் போகலாம். இதை வாசலில் நின்று சொல்ல வேண்டியது நீங்கள். மனைவியைச் சொல்ல விடாதீர்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுவதும் நனைகிற இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி, மூச்சுத்திணறல், கெண்டைக்காலில் வலியும் வீக்கமும்: இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனை. முதல் சில நாட்கள் மனைவி காரணமில்லாமல் அழுவது சாதாரணம். இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டாத மனம் என்று தொடர்ந்தால் அது நோய். விசுவாசக் குறைவு அல்ல. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பேசினால், ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம், தனியாக விடவும் வேண்டாம். டாக்டரிடம் நீங்களே அழைத்துப் போங்கள், கூடவே உள்ளே போய் உட்காருங்கள், இரவில் நீங்கள் கண்டதை நீங்களே சொல்லுங்கள். மனைவிக்கு அதைச் சொல்ல வாய் வராமல் இருக்கலாம்.