அம்மாவின் முதுகு எக்ஸ்ரேயை ஜன்னலில் வைத்துப் பார்ப்பது எப்படி

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வயதானவர்களின் முதுகு வலிக்கு ஒரே பெயர்தான்: தேய்மானம். அம்மாவுக்கும் அதையே சொல்லி, படத்தைக் கையில் கொடுத்து இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். முப்பது வருடம் ரப்பர் பால் மரம் சீவி, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளி சுமந்தவர். வயது 71. வீட்டுக்கு வந்து படத்தை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.

பக்கவாட்டுப் படத்தை எடுத்துக் கீழிருந்து மேலே எண்ணுங்கள். கீழ் முதுகில் ஐந்து எலும்புக் கட்டைகள், ஆகக் கீழே இருப்பதுதான் ஐந்தாவது, அதற்கு மேலே நாலாவது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு எக்ஸ்ரேயில் தெரியாது, அது பிடித்திருக்கும் இடைவெளிதான் தெரியும். கீழே வர வர இடைவெளி கொஞ்சம் அகலமாகும். அம்மாவுக்கு நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே ஒரு கோடுதான் மிச்சம். ஐந்தாவதுக்குக் கீழே உள்ளது பலருக்கு இயல்பாகவே குறுகல், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

அப்புறம் கட்டைகளின் ஓரம். கிளி மூக்கு மாதிரி வளைந்து நீண்டிருக்கும். தேய்மானம் என்றார்களே, இங்கே எலும்பு வளர்ந்தல்லவா இருக்கிறது! தேய்ந்தது ஜவ்வு. பெரியவர்களுக்கு ஜவ்வின் உள்ளே ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புத் தட்டு வழியாகக் கசிந்து வருவதுதான் அதற்குச் சாப்பாடு. வயதானால் அந்தத் தட்டு கெட்டிப்படும், ஜவ்வு தண்ணீர் வற்றி அமுங்கும். பாரம் எலும்பு மேல் விழ, எலும்பு ஓரத்தில் முட்டுக் கொடுக்கிறது. இடைவெளியை ஒட்டிய விளிம்பு தடித்து வெள்ளையாகத் தெரிந்தால் அதுவும் இதே கதைதான். ஆனால் மூக்கு பெரிதென்றால் வலியும் பெரிது என்று கணக்குப் போடாதீர்கள். வலியே இல்லாதவர் படத்திலும் இது இருக்கும்.

கட்டையின் முன்பக்க உயரம் பின்பக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஆப்பு மாதிரி இருந்தால், எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் மரத்து, சிறுநீர் அடக்க முடியாமல் போனால் படமெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எலும்பு அடர்த்திச் சோதனையில் ஒரு பொறி உண்டு. அதில் தரும் எண் (டி-ஸ்கோர்) இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்வது. ஓரத்து வளர்ச்சியும் சேர்ந்து கணக்காகி, முதுகு எண் நல்லதாகக் காட்டும். அதனால் தொடை எலும்பு சேரும் இடுப்பு மூட்டின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்பு பலவீனம். அம்மாவுக்கு முதுகு மைனஸ் 1.1, இடுப்பு மைனஸ் 2.7.

எல்லாம் விளக்கி முடித்ததும் அம்மா கேட்டார்: “எலும்பு வளந்திருக்குன்னா நான் ஏன்டா குள்ளமாயிட்டேன்?”

“அது பக்கவாட்டுல வளந்திருக்கும்மா,” என்றேன்.